முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்கள்: நோணாங்குப்பம் முதல் பிச்சாவரம் வரை

முதல் நாள்: சுண்ணாம்பாறு

ஆற்றுச் சுற்றுலா என்றதும் எல்லோரும் படகு என்ன விலை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஆறு கடலில் சேரும் வாய், அதாவது முகத்துவாரம், வருஷத்தில் எத்தனை மாதம் திறந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கரையில் ஆழம், நாற்றம், மீன், டிக்கெட் வசூல் எல்லாமே அந்த ஒரு இடத்தில்தான் முடிவாகின்றன. அதனால் இந்த ஐந்து நாள் குறிப்புகளும் முகத்துவாரத்தையே சுற்றிச் சுற்றி வரும்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் சுமார் 8 கி.மீ. வந்தால் நோணாங்குப்பம். சாலையை ஒட்டியே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம். செஞ்சி மலைப்பக்கம் பிறந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு, இன்னொன்று இந்தச் சுண்ணாம்பாறு. படகில் ஏறினால் உப்புநீரில் வளரும் அலையாத்திச் செடிகளை ஒட்டிக் கொண்டுபோய் பாரடைஸ் பீச்சில் இறக்கிவிடுகிறார்கள். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கடல், நடுவில் மணல். கவனிக்க வேண்டியது அந்த மணலைத்தான்.

பங்குனி தொடங்கி புரட்டாசி வரை தெற்கிலிருந்து வரும் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வாடைக் காலத்தில் திசை மாறும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் இந்த மணலை முட்டித் தள்ளி வாயை அகலமாக வைத்திருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு, தை கடைசியிலிருந்து மணலின் கை ஓங்கும். சித்திரையில் சில முகத்துவாரங்களை முழங்கால் தண்ணீரில் நடந்தே கடக்கலாம், சிலது முழுசாக மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் ஓதம் (கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது) உள்ளே ஏறாது, தண்ணீர் மாறாது. ஊர்ச் சாக்கடை அப்படியே தேங்கி, ஆக்சிஜன் இறங்கி, விடியற்காலையில் மீன் செத்து மிதக்கும். பள்ளி விடுமுறைக் கூட்டம் வருவதும் சரியாக இந்த மாதங்களில்தான்.

வாயை வெட்டித் திறக்கும்போது நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, நேரம். கடலில் நீர் ஏறும்போது வெட்டினால் அலையே மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும், அரை நாளில் பழைய கதை. உள்ளே நீர்மட்டம் உயர்ந்து நிற்க, வெளியே ஓதம் இறங்கத் தொடங்கும் நேரம் பார்த்து வெட்ட வேண்டும். 3, 4 மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் கீறினால் போதும். மிச்ச வேலையை வெளியே பாயும் தண்ணீரே செய்துகொள்ளும். இரண்டாவது, அள்ளிய மணலை எங்கே கொட்டுவது என்பது. பொக்லைன் ஓட்டுபவருக்கு எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் கொட்டிவிடுவார். கோடையில் தெற்குக் கரையில் கொட்டினால் அதே மணல் ஒரு வாரத்தில் திரும்பி வாய்க்குள் வந்துவிடும். வடக்குக் கரையில்தான் கொட்ட வேண்டும். வெட்டுகிற அன்று அந்தப் பக்கம் யாரையும் தண்ணீரில் இறங்க விடக்கூடாது. காலையில் முட்டளவு ஓடிய வாய்க்கால் மதியத்துக்குள் ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

ஆழம் பார்க்க எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் கவலையில்லை, ஒரு மூங்கில் கழி போதும். நீளம் 3 மீட்டர். 10 செ.மீ.க்கு ஒரு சிவப்பு வளையம், அரை மீட்டருக்கு ஒரு வெள்ளை வளையம். அடி நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மரப்பலகை வட்டத்தை ஆணியடித்துக்கொள்ள வேண்டும். வட்டம் இல்லாத கழி சேற்றில் ஒரு சாண் இறங்கி, இல்லாத ஆழத்தைக் காட்டும். படகுப் பாதையில் 50 மீட்டருக்கு ஒரு இடம் என்று வாரம் ஒரு முறை குத்திப் பார்த்து எழுத வேண்டும். கூடவே படகுத்துறைத் தூணில் வரைந்த அளவுகோலில் அந்த நேரத்து நீர்மட்டத்தையும் குறிக்க வேண்டும். இங்கே பெரிய ஓதத்திலும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தண்ணீருக்குள் 45 செ.மீ. முங்கி ஓடும் படகுக்கு அந்த ஒரு மீட்டர்தான் ஓடுவதா தட்டுவதா என்பதை முடிவு செய்கிறது. நீர் வற்றிய நேரத்தில் கழி 90 செ.மீ. காட்டாத இடத்தில் மோட்டார் படகு ஓட்டக்கூடாது. ஓடினால் புரொப்பல்லர் சேற்றைக் கிளறும், பின்னால் தண்ணீர் காபித்தண்ணி நிறத்தில் வரும்.

இந்தக் கழி வேலையை உள்ளூர் மீனவர்களுக்குக் கூலி கொடுத்துக் கொடுப்பதே முறை. நேற்று ராத்திரி மணல் எங்கே நகர்ந்தது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கழி அதை நோட்டில் ஏற்றுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள்: அரியாங்குப்பம் ஆறு, தேங்காய்த்திட்டு

விடியற்காலை 5.30. தண்ணீர் மாதிரி எடுக்க இதுதான் நேரம். இரவு முழுக்கப் பாசியும் மீனும் மூச்சுவிட்டுத் தீர்த்திருப்பதால் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியலில்தான். மதியம் 2 மணிக்கு எடுத்தால் வெயிலில் பாசி கொடுக்கும் ஆக்சிஜன் சேர்ந்து ஆறு ஆரோக்கியமாகத் தெரியும். அதே மாதிரி ஓதம் ஏறும்போது எடுத்தால் நீங்கள் சோதிப்பது பாதி கடல்நீரை. இறங்கும்போது எடுக்க வேண்டும், அப்போதுதான் ஊரிலிருந்து வரும் தண்ணீர் கையில் கிடைக்கும். எண்ணை அழகாகக் காட்ட நினைப்பவர்கள் மதியம், ஏற்றத்தில், ஆற்று வாயருகே எடுப்பார்கள். அறிக்கையில் நேரமும் இடமும் இல்லையென்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

குளிக்கத் தகுந்த ஆற்றுநீர் என்றால் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, பி.ஓ.டி. (கழிவு மக்கும்போது எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, பி.எச். (அமில, காரத் தன்மை) 6.5 முதல் 8.5 வரை. மலக் கோலிபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் நுண்ணுயிர்) 100 மி.லி.க்கு 500க்குள் இருப்பது நல்லது, 2,500 கடைசி எல்லை. கோலிபார்ம் மாதிரியைக் கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 6 மணி நேரத்துக்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும். மதிய வெயிலில் பைக் டிக்கியில் கிடந்த பாட்டில் சொல்வது ஆற்றின் கதையில்லை. தினசரிக்கு ஆக்சிஜன் மீட்டர், உப்புத்தன்மை மீட்டர், தெளிவு பார்க்க 20 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டு, மூன்றும் போதும். தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதை எழுதுங்கள்.

உப்பு மீட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலம் ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதை, வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம்வரை என்று கணக்கிடுகிறார்கள். படகுத்துறைக்கு எந்த அனுமதி வேண்டும் என்பதை அந்தக் கோடுதான் சொல்லும். கட்டி முடித்துவிட்டு அனுமதிக்கு அலைபவர்கள் நிறையப் பேர்.

தேங்காய்த்திட்டுப் பக்கம் போனால் துறைமுகமும் மீன்பிடிப் படகுகளும் அலையாத்திக் காடும் ஒரே சட்டகத்தில் தெரியும். 1980களின் இறுதியில் இந்த வாயில் கல் அலைத்தடுப்பு போட்டார்கள். தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்தது. முகத்துவாரத்தை ஒரேயடியாகக் கல்லால் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களை இங்கிருந்து வடக்கே பழைய கடற்கரைச் சாலைவரை நடக்க வைக்க வேண்டும். கல் போட்டால் சேர்கிற மணலை வருஷா வருஷம் வாரி வடக்கே கொண்டுபோய்ப் போடும் செலவையும் சேர்த்தே திட்டத்தில் எழுத வேண்டும்.

இங்கே ஆற்றைக் கெடுப்பது சுற்றுலாப் படகு இல்லை, நகரத்து வாய்க்கால்கள். வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்துக்குச் சற்று முன்பே கம்பி வலைத் தடுப்பு வேண்டும். கம்பிக்குக் கம்பி இடைவெளி 5 செ.மீ. வலைக்கு முன்னால் மனிதர் நின்று குப்பை வார ஒரு மேடையும், வண்டி வர வழியும் இருக்க வேண்டும். பல ஊரில் வலை இருக்கிறது, வண்டி வர வழியில்லை. முதல் மழையில் வலை அடைத்து, தெருவில் தண்ணீர் ஏறி, யாரோ கோபத்தில் வலையைப் பிடுங்கிவிடுவார்கள். கதை அங்கே முடிந்தது.

அரிக்கமேடு இதே ஆற்றங்கரையில்தான். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய ஆம்போரா ஜாடித் துண்டுகளையும் சிவப்புப் பூச்சுப் பாத்திரங்களையும் எடுத்து, தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு காலக்கணக்குக் கொடுத்த இடம். பிறகு பிரெஞ்சுத் தொல்லியலாளர் காசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. மேட்டின் ஆற்றோரம் தண்ணீர் அரித்து அரித்தே பழைய செங்கல் வெளியே வந்தது. அதனால் இந்தக் கரையில் படகை நேரே முட்டவிடக் கூடாது. படகின் அலைத் துள்ளல் உயரம் இரண்டு மடங்கானால் கரையில் அடிக்கும் சக்தி நான்கு மடங்காகும். மேடு தெரியும் வளைவில் மணிக்கு 6 கி.மீ.க்கு மேல் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத் தடை, அதற்கு வெளியே 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்டலாம் என்பது சட்டம். எனவே இறங்குதுறையைத் தள்ளி வைத்து, மாந்தோப்பு வழியாக நடக்க விடுவதே சரி. நடந்தால் ஆளும் குறையும், அதுவும் நல்லதுதான்.

மூன்றாம் நாள்: சோரியாங்குப்பம், தென்பெண்ணை

பாகூர் பக்கம் வந்தால் மாநில எல்லை எங்கே என்று ஆற்றுக்கே தெரியாது. புதுச்சேரியின் ஊர்களும் கடலூர் மாவட்டத்தின் ஊர்களும் பின்னிக் கிடக்கின்றன. இங்கே யாரும் திட்டம் போட்டு ஆற்றுச் சுற்றுலா தொடங்கவில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வர, மணலில் கடை போட்டுச் சுருளிக்கிழங்கு விற்பார்கள். ஒரே நாளில் அத்தனை ஜனம் வந்து போவதைச் சமாளிப்பதுதான் உண்மையான பரீட்சை. தற்காலிகக் கழிப்பிடம் ஆற்று மணலில் குழி தோண்டிக் கட்டுவதாக இருக்கக்கூடாது, கீழே ஒரு மீட்டரிலேயே தண்ணீர் நிற்கிறது. மூடிய தொட்டி, கழிவுநீர் லாரி, சுத்திகரிப்பு நிலையம் என்று மூன்றையும் முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டும். மணல் அள்ளிய பழைய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாமல் இருக்கும். நம் மூங்கில் கழியால் முந்தைய நாளே குத்திப் பார்த்து, சவுக்குக் கம்பும் கயிறும் கட்டி எல்லை போட வேண்டும். உயிர் போவது இந்தக் குழிகளில்தான்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. மழை நின்ற பிறகுதான் இங்கே நிஜ வெள்ளம் வந்தது. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். லிட்டரில் சொன்னால் விநாடிக்கு ஏறக்குறைய 47.5 லட்சம் லிட்டர். தென்பெண்ணைக் கரையில் படகு நடத்துபவர் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சாத்தனூர் நீர்திறப்பு அறிவிப்பைப் பார்க்க வேண்டும், சங்கராபரணிக்கு வீடூர் அணை. ஐப்பசி, கார்த்திகையில் தினமும் காலை, மாலை இரண்டு முறை.

படகுத்துறை பெரும்பாலும் வெள்ளத்தில் எப்படிப் போகிறது தெரியுமா? மிதவை அறுந்து போவதில்லை. தூண் உயரம் போதாமல், தூணைச் சுற்றிய வளையம் தூணின் தலைக்கு மேல் ஏறிக் கழன்று போகிறது. வெள்ளக் குறியைவிட ஒரு மீட்டராவது தூண் உயர்ந்து நிற்க வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று குட்டையாக வெட்டச் சொல்பவர்கள் வருவார்கள், கேட்காதீர்கள். அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் மிதவைப் பெட்டிகள் சதுர மீட்டருக்கு நான்கு வரும், சுமார் 350 கிலோ தாங்கும். கணக்கில் பாதிக்கு மேல் ஏற்றக்கூடாது, ஏனென்றால் படகு வந்ததும் எல்லோரும் ஒரே ஓரத்துக்குத்தான் ஓடுவார்கள். கரையையும் மிதவையையும் இணைக்கும் சாய்பாலம், நீர் வற்றிய நேரத்தில் 12க்கு 1 சரிவுக்குள் இருந்தால்தான் சக்கர நாற்காலி இறங்கும். 75 செ.மீ. இறக்கத்துக்கு 9 மீட்டர் நீளம். செலவு மிச்சம் பிடிக்க முதலில் வெட்டப்படுவது இதுதான்.

நான்காம் நாள்: கடலூர், கெடிலம்

கெடிலத்துக்கு இந்தப் பக்கம் புதுநகர், அந்தப் பக்கம் முதுநகர். தேவாரக் காலத்திலிருந்து பேர் உள்ள ஆறு. தேவனாம்பட்டினத்தில் 1690இல் ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1758இல் பிரெஞ்சுக்காரரிடம் விழுந்த செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சமும் இதன் ஓரத்தில். ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றில் கோயில், கோட்டை, துறைமுகம் மூன்றையும் ஒரு மணி நேரத்தில் கோக்கலாம். தெற்கே உப்பனாற்றுக் கரையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அந்தப் பக்கத் தண்ணீரில் கயாக், நீச்சல் எதையும் விளம்பரம் செய்யக்கூடாது. பி.ஓ.டி., கோலிபார்ம் இரண்டும் நன்றாக இருந்தாலும் கன உலோகத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லாது. மூடிய பக்கச்சுவர் உள்ள பெரிய படகு மட்டும் போதும்.

எந்தப் படகு? வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகும். 6 கி.மீ. வேகத்துக்கு 2 கிலோவாட் தின்னும் படகு, 12 கி.மீ.க்கு 16 கிலோவாட் கேட்கும். ஆற்றைப் பார்க்க வந்தவருக்கு 6 கி.மீ. தாராளம். 20 பேர் படகு, ஒரு மணி நேரச் சுற்று, எதிர்க்காற்றுக்கும் சேர்த்து சராசரி 3 கிலோவாட் என்று வையுங்கள். நாளுக்கு 5 சுற்று என்றால் 15 யூனிட். பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் வடிக்கக் கூடாது, அதனால் 19 யூனிட் பேட்டரி. கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நம் வெயிலுக்கு நாளுக்கு 12 யூனிட்வரை கிடைக்கும், மீதியை இரவில் கரையில் ஏற்றலாம். கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு வழியில் 75 பேர் ஏறும் ஆதித்யா 2017 முதல் சோலாரில்தான் ஓடுகிறது, புதிதாக நிரூபிக்க ஒன்றுமில்லை.

கெட்டுப்போகும் இடங்கள் வேறு. உப்புத் தண்ணீரில் மோட்டார் காலில் கட்டும் துத்தநாகத் துண்டு கரையத்தான் செய்யும், அது கரைவதால்தான் மோட்டார் கரையாமல் இருக்கிறது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் வேலை செய்யாது, அழகுக்காக அடித்துவிடுகிறார்கள். புரொப்பல்லரில் நைலான் வலை நூல் சுற்றினால் உள்ளே சீல் கிழிந்து எண்ணெய்க்குள் தண்ணீர் போகும். தினமும் மாலையில் கையை விட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் பத்து ரூபாய் நூலோடு போய்விடும்.

ஆள் கணக்கை நாற்காலியை எண்ணிப் போடாதீர்கள். தலைக்கு 75 கிலோ வைத்து நிரப்பி, படகின் இரு பக்கமும் நீர்மட்டத்தில் வெள்ளைக் கோடு போடுங்கள். கோடு முங்கினால் அடுத்த ஆள் ஏறக்கூடாது, எம்.எல்.ஏ. வீட்டுக் கல்யாணக் கூட்டமானாலும் சரி. லைஃப் ஜாக்கெட்டின் மிதப்பு சக்தி 100 நியூட்டன் என்றால் அதில் 10 கிலோ இரும்புப் படிக்கல்லைக் கட்டித் தொட்டியில் போட்டால் மிதக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். வெயிலில் காய்ந்து, மேலே ஆள் உட்கார்ந்து நசுங்கிய ஃபோம் முங்கிவிடும். குழந்தைகளுடையதில் தொடை வார் இல்லையென்றால் ஜாக்கெட் மட்டும் மேலே வரும். உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021இன்படி பதிவு, ஆய்வு, ஓட்டுநர் சான்று, காப்பீடு நான்கும் கட்டாயம்.

ஸ்பீக்கர் வேண்டாம். இதற்குக் கணக்கு தேவையில்லை.

ஐந்தாம் நாள்: பிச்சாவரம்

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக வந்தால் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுரபுன்னை, அதாவது அலையாத்திக் காடு. 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே துடுப்புப் படகுதான் ராஜா. மற்ற ஊர்கள் இங்கே கற்க வேண்டியது எத்தனை படகு விடலாம் என்ற கணக்கை.

உதாரணமாக 3 கி.மீ. சுற்று, துடுப்பு வேகம் மணிக்கு 3 கி.மீ., ஒரு படகுக்கும் அடுத்ததற்கும் 150 மீட்டர் இடைவெளி. ஒரே நேரத்தில் வாய்க்காலுக்குள் 20 படகு. படகுக்கு 4 பேர், நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 480 பேர். படகுத்துறையில் ஒரு படகுக்கு ஏற 3 நிமிடம் ஆகிறது என்றால் ஒரு வரிசையில் மணிக்கு 20 படகு, இரண்டு கணக்கும் ஒட்டிப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை 2,000 பேர் வந்தால் படகைக் கூட்டுவது சுலபம். இடைவெளி 36 மீட்டராகும், முன்படகின் சத்தமே காட்டின் சத்தமாகிவிடும். டோக்கனில் நேரம் அச்சடித்துக் கொடுத்தால் 480 பேரும் காத்திருக்காமல் போவார்கள், மற்றவர்கள் கரையில் நின்று திட்டாமல் வேறு நாளுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

அலையாத்தி நடுவதைச் சுற்றுலாப் பயணிக்கு ஒரு விளையாட்டாக வைக்கிறார்கள். நட்டது பாதி சாவதற்குக் காரணம் இடம். தாழ்ந்த கிண்ணம் போன்ற இடத்தில் ஓதநீர் ஏறி நின்று, வெயிலில் ஆவியாகி, உப்பு ஏறிச் செடி கருகுகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே செய்தது எளிய வேலை: நடுவில் ஒரு வாய்க்கால், அதிலிருந்து மீன் முள் மாதிரிச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், அவற்றின் சரிவில் செடி. தண்ணீர் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். வாய்க்காலை வருஷம் ஒரு முறை தூர்வாராவிட்டால் மறுபடி கிண்ணம்தான். பயணி ஒரு நாற்று நட்டு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அவர் கொடுக்கும் காசு தூர்வாரும் கூலிக்குப் போக வேண்டும்.

இருளர் பழங்குடியினர் வாய்க்கால்களில் நீர் வற்றும் நேரத்தில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அந்த நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி, ஒரு மணி தள்ளிக்கொண்டே போகும். ஆகவே "காலை 10 முதல் 12 வரை மீன்பிடி நேரம்" என்று பெயின்ட் அடித்த போர்டு மூன்றாம் நாளே பொய்யாகிவிடும். போர்டில் வேண்டியது சாக்பீஸும், தினமும் ஓத நேரம் எழுத ஒரு ஆளும். அந்த நேரத்தில் அந்த வாய்க்காலில் படகு போகாது. மாலை 5க்கு மேல் பறவைகள் அடையும், எந்த வாய்க்காலிலும் படகு போகாது.

கிளம்பும் முன் கழியை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயப் போடுங்கள். உப்போடு வெயிலில் போட்டால் சிவப்பு வளையம் ஒரு மாதத்தில் உரிந்துவிடும், அப்புறம் 90 எது, 80 எது என்று சண்டை.